தரைக்கு அளவெடுக்க வந்தவர்கள்

அத்தியாயம் 7

அந்த ஊரில் நல்ல பெயர் எடுப்பது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் முன்வரிசையில் உட்கார வேண்டும். ஊர் மன்றத்தில் யாரும் சீந்தாத தலைவர் பதவிக்கு நிற்க வேண்டும். அடுத்தவனைப் பற்றி மோசமாகப் பேசும்போது முகத்தை வருத்தமாக வைத்துக்கொள்ள வேண்டும். வெண்டல் நிஸ்கா இந்த மூன்றையும் குறைவில்லாமல் செய்து வந்தார்.

அதனால்தான், மன்றத்தின் கண்ணாடிப் பெட்டியிலிருந்து சுரங்கத்தில் கிடைத்த, வெள்ளி ஓடிய விலையுயர்ந்த செம்புக்கட்டி காணாமல் போனபோது, அவர் பேச்சு எடுபட்டது. அன்றைக்கு ஹீட்டர் ரிப்பேருக்கு வந்தவன் டேனி ஒயாலாதான், பாவம், பெண்டாட்டிக்கு வேறு எட்டாம் மாதம், கைநெருக்கடி மனிதனை எதையும் செய்ய வைக்கும் என்று சொல்லிக் கைக்குட்டையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். ஷெரீப்புக்கு அதுவே தாராளம். யோசிப்பது என்பது அந்த மனிதருக்கு ஓவர்டைம் மாதிரி, தனியாகச் சம்பளம் கொடுத்தால்தான் செய்வார். டேனியைத் தூக்கி உள்ளே வைத்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை காலை டேனியை நீதிபதி முன்னால் நிறுத்தப் போகிறார்கள். அதற்குள் செம்புக்கட்டி கிடைக்காவிட்டால், பிறக்கப்போகும் குழந்தை அப்பன் முகத்தைச் சிறைக் கண்ணாடி வழியாகத்தான் பார்க்க வேண்டியிருக்கும். டேனியின் மனைவி ஜென்னா ஒயாலா துப்பறியும் ஹில்யா ரவுட்டியோவின் ஆபீஸுக்கு வந்தபோது அழவில்லை. வெள்ளிக்கிழமைக்குள் முடியுமா என்று மட்டும் கேட்டாள்.

ஹில்யா இன்சூரன்ஸ் கம்பெனியில் பொய்க் கணக்குகளைப் பிடித்தே தலை நரைத்தவள். மனித ஜாதி மேல் அவளுக்குப் பெரிய மரியாதை கிடையாது. அவளுடைய உதவியாளன் லைல் போடனுக்கோ மரியாதை நிறைய உண்டு, ஆனால் வாய் அதைக் கேட்பதில்லை. வியாழக்கிழமை காலை, அவர்கள் இருவரும் வெண்டல் நிஸ்காவின் வீட்டு வாசலில் அளவு டேப்போடு நின்றார்கள். ஜன்னல் விளிம்புவரை பனி குவிந்திருந்தது.

காரணம், முந்தின நாள் கூட்டுறவுக் கடையில் ஹில்யாவின் காதில் விழுந்த ஒரு பேச்சு. வெண்டலின் மனைவி மார்லிஸ் கடைக்கு வந்து, பின்னறைத் தரைக்குக் குளிர் ஏறாமல் இன்சுலேஷன் போட வேண்டும், அளவெடுக்க ஆள் அனுப்புங்கள், ஆனால் வியாழன் காலை மட்டும்தான் வர வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனாள். வியாழன் காலை வெண்டல் மன்றத்துக் காபிக் கூட்டத்தில் இருப்பார் என்பது ஊருக்கே தெரியும். வெண்டலாவது இன்சுலேஷன் வாங்குவதாவது என்று கடைக்காரன் சிரித்தான். ஹில்யா சிரிக்கவில்லை. டேனியை முதலில் கைகாட்டிய ஆளின் வீட்டுக்குள் நுழைய இதைவிட நல்ல வழி கிடைக்காது. ஆள் நான் அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள்.

"பாஸ், அந்தம்மா நம்மள அடையாளம் கண்டுபிடிச்சுட்டா?" என்றான் லைல்.

"வேலையாள் மூஞ்சிய எவன் பார்க்கிறான்? கையில டேப் இருந்தா போதும். மனுசங்க அவ்வளவுதான்."

கதவைத் திறந்த மார்லிஸ் ஒல்லியான, அறுபதை ஒட்டிய பெண். கம்பளி சாக்ஸ் இரண்டு ஜோடி ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டிருந்தாள். வந்தவர்கள் பூட்ஸைக் கழற்றி வாசலில் வைத்தார்கள். அந்த ஊரில் ஜனாதிபதியே வந்தாலும் பூட்ஸோடு உள்ளே விட மாட்டார்கள். லைலின் வலது சாக்ஸிலிருந்து கட்டைவிரல் எட்டிப் பார்த்தது. வாசல் அலமாரியில் ஆட்டுத்தோல் செருப்பு ஒரு ஜோடி தனியாக வீற்றிருந்தது, உள்ளே கம்பளி அடைத்து, தடிமனான அடியோடு. அதில் கால் விடலாமா என்று லைல் பார்த்த பார்வையை மார்லிஸ் கவனித்துவிட்டாள். அது வெண்டலுடையது, வேறு யாரும் தொடக் கூடாது என்றாள். குரலில் ஒன்றும் இல்லை, வானிலை அறிக்கை வாசிப்பதுபோல் சொன்னாள்.

சமையலறை மேஜையில் காபியும் ஏலக்காய் ரொட்டியும் தயாராக இருந்தன. கோப்பைகள் மூன்று. வேலைக்கு வருகிற ஆள் ஒருவனா இருவரா என்று கடையில் யாரும் சொல்லியிருக்க வாய்ப்பில்லை. லைல் இதைக் கவனித்தான், ரொட்டி நன்றாக இருந்ததால் மறந்துவிட்டான்.

பின்னறைக்குள் நுழைந்ததும் மூச்சு புகையாக வந்தது. தரைப்பலகை சாக்ஸைத் தாண்டி உள்ளங்காலைக் கடித்தது.

"பாஸ், இது ரூமா, மீன் வைக்கிற பெட்டியா? மீன் வாசனைகூட வருது பாருங்க."

"டேப்பப் பிடி."

ஹில்யா எதைச் செய்தாலும் அரைகுறையாகச் செய்ய மாட்டாள், பொய்யாகச் செய்வதைக்கூட. சுவரோடு சுவராக நீளம் எடுத்தாள். ஒரு சுவர் ஓரமாக எடுத்த அளவை நம்பாமல் நடுவிலும் எடுத்தாள், பழைய வீடுகள் கோணலாகத்தான் நிற்கும் என்றாள். ஜன்னலோர மாடத்தைத் தனியாக அளந்தாள். மூலை அலமாரியைத் திறந்து, உள்ளே தரையில் ஒரு சதுரப் பலகைக் கதவைப் பார்த்தாள். வீட்டுக்கு அடியில் தவழ்ந்து போகிற இடத்துக்கு அதுதான் வழி. வெளிவழி பனிக்குள் புதைந்து கிடந்தது. அந்தப் பலகைக் கதவின்மேல் ஒரு பழைய மரப்பெட்டி உட்கார்ந்திருந்தது.

மார்லிஸ் கதவருகில் கைகட்டி நின்றாள். எத்தனை சதுர அடி என்று கேட்கவில்லை. என்ன விலை என்றும் கேட்கவில்லை.

டேப்பைக் குறுக்கே ஓட்டும்போதுதான் பூனை இடைஞ்சல் செய்தது. பன்னு என்று பெயர், பேருக்கேற்ற உடம்பு. அறையின் நடுவில் பலகையை மோந்து நக்கிக்கொண்டு, அங்கேயே சுருண்டு கிடந்தது. அடுப்பு முன்னறையில் எரிகிறது. பூனைக்கு என்ன பைத்தியமா, இந்தக் குளிரில் வந்து படுக்க? லைல் அதைத் தூக்கி ஓரமாக வைத்தான். அது திரும்பி வந்து அதே இடத்தில் படுத்தது. மறுபடி தூக்கினான். இந்தமுறை அது வருவதற்குள் தன் காலை அங்கே வைத்தான்.

அப்படியே நின்றான்.

"பாஸ், என் கட்டைவிரல் ஒண்ணு சொல்லுது."

"என்ன சொல்லுது?"

"இங்க குளிரலங்கிறான்."

ஹில்யா மண்டியிட்டு உள்ளங்கையைப் பலகையில் வைத்தாள். கையை ஒரு பக்கம் நகர்த்தினாள், எடுத்துக்கொண்டாள். மறுபக்கம் நகர்த்தினாள், எடுத்துக்கொண்டாள். பிறகு ஒரு சுண்ணக்கட்டியால் நான்கு மூலைகளிலும் புள்ளி வைத்து டேப்பைப் பிடித்தாள். அகலம் பதினாறு அங்குலம். நீளம் நாலடி.

அந்த அளவைக் கேட்டதும் லைலுக்குச் சிரிப்பு வந்தது. தரையைத் தாங்கும் சட்டங்கள் இரண்டுக்கு நடுவில் இருக்கும் சந்து பதினாறு அங்குலம். அந்தச் சந்துக்கென்றே வெட்டி விற்கிற கண்ணாடிப் பஞ்சு ஒரு துண்டு நாலடி. ஆக, இந்த வீட்டுத் தரைக்கடியில் ஒரே ஒரு துண்டு இன்சுலேஷன் இருக்கிறது. அறை முழுக்க விறைத்துக் கிடக்க, நட்டநடுவில் ஒரு துண்டு. யாராவது உடம்பு முழுக்க அம்மணமாக நின்றுகொண்டு முழங்காலுக்கு மட்டும் மப்ளர் கட்டுவார்களா?

அந்த நேரம் பார்த்து வாசலில் பூட்ஸ் உதறும் சத்தம் கேட்டது. வெண்டல் நிஸ்கா வந்துவிட்டார். காபிக் கூட்டத்துக்குத் தாமதமாக வந்த எவனோ, உன் வீட்டு வாசலில் ஒரு டிரக் நிற்கிறதே என்று சொல்லியிருக்க வேண்டும். மூச்சு வாங்கிக்கொண்டு, ஆனாலும் ஆட்டுத்தோல் செருப்பை மறக்காமல் மாட்டிக்கொண்டு, பின்னறைக்கு வந்தார்.

வந்தவர் முதலில் பெண்டாட்டியை முறைத்தார். பிறகு லைலின் சாக்ஸ் ஓட்டையைப் பார்த்தார். கடைசியில்தான் ஹில்யாவைப் பார்த்தார், அதுவும் டேப்பை மட்டும். கடைக்காரர்கள் எல்லாம் கொள்ளைக்காரர்கள் என்றும், அறியாத பொம்பளையிடம் வந்து தலையில் கட்டப் பார்க்கிறீர்கள் என்றும் பேசினார். தரைக்கு இன்சுலேஷன் என்பதே ஏமாற்று வேலை என்று பாடம் எடுக்க ஆரம்பித்தார்.

"சூடு மேலதான்யா போகும். கீழ போகாது. இதுகூடத் தெரியாம தொழில் பண்றீங்க. தூ."

"ஐயா சொல்றது சரிதான்" என்று ஹில்யா பவ்யமாகத் தலையாட்டினாள். அவள் பவ்யமானால் யாருக்கோ கேடு என்பது லைலுக்குத் தெரியும். "அப்ப இந்தத் தரைக்கடியில பழைய இன்சுலேஷன்னு எதுவும் இல்லீங்களே? இருந்தா அதக் கழிச்சுட்டுத்தான் நாங்க கணக்குப் போடணும்."

"ஒரு இணுக்கு கிடையாது. அந்தக் கண்றாவிய நான் காசு குடுத்து வாங்குவேனா?"

"வேற யாராச்சும் வெச்சிருப்பாங்களோ?"

"என் வீட்டுக்கடியில என்னத் தவிர எவன் போவான்? பதினஞ்சு வருஷமா நானே போனதில்ல. மேலாக அளந்தாச்சில்ல, கிளம்புங்க."

"அப்ப சரி. நீங்களும் போகல, பஞ்சும் வாங்கல" என்றாள் ஹில்யா. "உங்க சம்சாரம் சாட்சி. ஐயா, ஒரு உதவி. அந்தச் செருப்பக் கொஞ்சம் கழட்டுங்க."

"என்னது?"

"கழட்டிட்டு இந்த சுண்ணக்கட்டிப் புள்ளிக்கு நடுவுல நில்லுங்க. இந்த வீட்டுக்கு வர்ற எல்லார் காலுக்கும் தெரிஞ்சது, உங்க கால் ஒண்ணுக்குத்தான் தெரியாமப் போச்சு."

வெண்டல் கழற்றவில்லை. புள்ளிகளைப் பார்த்தார், பூனையைப் பார்த்தார். அவர் முகத்திலிருந்த வருத்தக் களை முதல்தடவையாக நிஜமாகிக்கொண்டிருந்தது. அடுத்த நொடி குரலை உயர்த்தி, வெளியே போங்கள், இல்லாவிட்டால் ஷெரீப்பைக் கூப்பிடுவேன் என்றார். ரொம்ப சௌகரியம், நாங்களே கூப்பிடலாம் என்று இருந்தோம் என்றான் லைல்.

வெண்டல் அலமாரி முன்னால் போய்க் கையை விரித்து மறித்து நின்றார். என் வீடு, என் அனுமதி இல்லாமல் ஒருவன் கீழே இறங்க முடியாது என்றார். சட்டப்படி அது சரியான பேச்சு. நீதிபதியிடம் போய் உத்தரவு வாங்கி வருவதற்குள் இந்த ஆள் கட்டியை ஏரியிலேயே கொண்டுபோய்ப் போட்டுவிடுவான். டேனியின் விடுதலை கையெட்டும் தூரத்தில் வந்து நழுவுவதை லைல் பார்த்தான்.

வெண்டல் வந்ததிலிருந்து கதவருகிலேயே நின்ற மார்லிஸ் கைகட்டை அவிழ்த்தாள்.

"இது எங்கப்பா வீடு, வெண்டல். பத்திரம் என் பேர்ல இருக்கு. நகரு."

வெண்டல் நகரவில்லை. அவள் தானே போய் அவர் முழங்கைக்கடியில் புகுந்து மரப்பெட்டியை இழுத்துப் போட்டாள். பலகைக் கதவைத் தூக்கினாள். லைலைப் பார்த்து, இறங்கு தம்பி, தலையை இடித்துக்கொள்ளாதே என்றாள்.

லைல் டார்ச்சோடு இறங்கினான். கொஞ்ச நேரம் தவழும் சத்தமும் முனகலும் மட்டும் வந்தன. அடியிலிருந்து அவன் குரல் கேட்டது. சட்டம் எல்லாம் மொட்டை, எலிகூடக் குடியிருக்கவில்லை, குளிர் தாங்காமல் காலி செய்துவிட்டுப் போய்விட்டன போலிருக்கிறது என்றான். பிறகு, இதோ ஒரு துண்டு இருக்கிறது, ரோஜா நிறத்தில் புத்தம் புதுசு என்றான். பிறகு அதைத் தாங்க அடித்திருந்த பலகையைப் பெயர்க்கும் சத்தமும், திம்மென்று எதுவோ மண்ணில் விழும் சத்தமும் கேட்டன.

"பாஸ், பஞ்சு இவ்வளவு கனமா இருக்காது."

கம்பளிப் போர்வையில் சுற்றியதை மேலே ஏற்ற அவனுக்கு மூச்சு முட்டியது. ஒரு பெரிய ரொட்டி அளவுதான். போர்வையை விலக்கியதும், சிவந்த செம்புக்குள் ஓடிய வெள்ளி நரம்பு ஜன்னல் வெளிச்சத்தில் மின்னியது.

மரியாதை இந்த இடத்தோடு சரி. வெண்டல் நிஸ்கா இனிமேல் அவன்தான்.

அவன் உடனே திருடனாகிவிடவில்லை. அந்த மாதிரி ஆட்கள் அவ்வளவு சீக்கிரம் ஆக மாட்டார்கள். மன்றத்தில் பாதுகாப்பு சரியில்லை, தலைவன் என்ற பொறுப்பில் பத்திரமாக எடுத்து வைத்திருந்தேன் என்றான். கைக்குட்டையைக்கூட எடுத்தான்.

"பத்திரமா" என்றாள் ஹில்யா. "கல்லத் தரைக்கடியில, டேனிய ஜெயில்ல. ரெண்டையும் பத்திரமாத்தான் வெச்சிருக்கே. எந்த ஊர்ல ஆள் பிடிச்சு வெச்சிருக்கே, யாருக்கு விக்க?"

அவன் பெண்டாட்டியைப் பார்த்து, இது உன் அப்பா சுரங்கத்திலிருந்து கொண்டுவந்து மன்றத்துக்குத் தூக்கிக் கொடுத்ததுதானே, கொடுக்காமல் இருந்திருந்தால் இன்றைக்கு நம்முடையதுதானே என்று முனகினான். அதுதான் வாக்குமூலம். லைல் ஷெரீப் ஆபீஸுக்குப் போன் செய்தான். அடுத்து ஜென்னாவுக்குச் செய்தான். மறுமுனையில் ஒரு நாற்காலி இழுபடும் சத்தம் வந்தது. பிறகு அவள், நாளைக்கு அவனுக்கு எந்தச் சட்டை கொண்டுபோகட்டும் என்று கேட்டாள். இதற்குப் பதில் சொல்ல லைலுக்கு ஒரு ஜோக்கும் கிடைக்கவில்லை. நீலம் என்று சொல்லி வைத்துவிட்டான்.

ஷெரீப்பின் ஆட்கள் வருவதற்குள், ஹில்யா தன் திறமையைக் கொஞ்சம் விளக்கிக்கொள்ள ஆசைப்பட்டாள். அவளுடைய பலவீனம் அது ஒன்றுதான். பூனைதான் முதல் துப்பு என்றாள். குளிர்கிற வீட்டில் இதமான இடத்தைப் பூனை மாதிரி யாரும் கண்டுபிடிக்க முடியாது, மனிதர்கள் பார்க்காததைப் பிராணி பார்க்கும், நான் பூனையைப் பார்த்தேன் என்று சொல்லிக்கொண்டே போனாள்.

"பன்னு இந்த ரூம் பக்கமே வராது" என்றாள் மார்லிஸ். "அடுப்படிய விட்டு அசையாத சோம்பேறி. காலைல அந்தப் பலகைல புகை போட்ட மீன் தோல நல்லாத் தேய்ச்சு விட்டேன். அதான் நக்கிட்டுக் கெடக்கு."

லைல் மூக்கைத் தொட்டுக்கொண்டான். மீன் வாசனை என்று வந்ததும் முதலில் சொன்னது அவன்தான், டேப்பைப் பிடி என்ற பதிலோடு போயிற்று. ஹில்யாவின் முகத்தைப் பார்க்க அவனுக்கு அன்றைய கூலி வசூலானது போலிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை தரை துடைக்கும்போதுதான் கண்டுபிடித்ததாக மார்லிஸ் சொன்னாள். முழங்கால் ஒரு இடத்தில் மட்டும் விறைக்கவில்லை. இந்த வீட்டில் எந்தப் பலகை எப்படிக் குளிரும் என்பது அவள் காலுக்கு மனப்பாடம். இறங்கிப் பார்த்தாள், தொட்டுப் பார்த்தாள், தூக்க முடியவில்லை. ஷெரீப்பிடம் சொல்லலாம் என்றால் அவர் வெண்டலோடு சீட்டாடுகிறவர், இவள் வாயைத் திறந்த அன்றே கட்டி இடம் மாறிவிடும். வெளியாட்கள் ரெண்டு பேர் தாங்களாகவே கண்டுபிடித்தால்தான் எடுபடும் என்று தோன்றியது. அதனால்தான் கூட்டுறவுக் கடைக்குப் போய், டேனிக்காக அலைகிற ஹில்யா சாமான் வாங்க வருகிற நேரம் பார்த்து, உரக்கப் பேசிவிட்டு வந்திருக்கிறாள்.

"அப்ப எங்கள..." என்று ஹில்யா ஆரம்பித்தாள்.

"எங்க அத்தை கொட்டகை எரிஞ்சப்ப, இன்சூரன்ஸ் பணம் கிடையாதுன்னு சொல்ல வந்தது நீதானே. அந்த மூஞ்சி மறக்குமா? கூட ஒருத்தன் ஒட்டிட்டுத் திரியறதும் ஊருக்கே தெரியும். அதான் மூணு கோப்பை வெச்சேன்."

வாசலில் வண்டி வந்து நின்றது. ஷெரீப்பின் ஆட்கள் பூட்ஸைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, செம்புக்கட்டியைப் பார்த்து, வெண்டலைப் பார்த்து, நம்ப முடியாமல் மறுபடி செம்புக்கட்டியைப் பார்த்தார்கள். பழக்கப்பட்ட வேகத்தில் அவர்கள் புரிந்துகொள்ளும்வரை எல்லோரும் காத்திருந்தார்கள். வெண்டல் போகும்போது மனைவியிடம் திரும்பி, கட்டின புருஷனுக்கு இப்படிச் செய்வாளா ஒருத்தி என்று கேட்டான்.

மார்லிஸ் கத்தவில்லை.

"கல்யாணமான முதல் குளிர்காலத்துலேர்ந்து கேக்கறேன், கால் விறைக்குது, தரைக்கு ஏதாவது போடுன்னு. சூடு மேலதான் போகும்னு சொன்னே. நானும் நம்பல, ஆனா வாய மூடிக்கிட்டேன். கடைசில ஒரு துண்டு வாங்கிட்டு வந்தே. அதையும் கொண்டுபோய்க் கல்லுக்குப் போத்தி விட்டுட்டே."

அவனிடம் அதற்கு முகபாவம் இல்லை. வாசலில் பூட்ஸ் மாட்டிக்கொள்ளக் குனிந்தான். மார்லிஸ் அவன் கழற்றிய ஆட்டுத்தோல் செருப்பைக் கையில் எடுத்தாள், தன் சாக்ஸில் ஒரு ஜோடியை உருவினாள், செருப்புக்குள் காலை விட்டாள். அவளுக்கு அது ரொம்பப் பெரிசு. அதோடேயே சரக் சரக்கென்று பின்னறைக்கு நடந்து வந்து, டேப்பைச் சுருட்டிக்கொண்டிருந்த ஹில்யாவிடம் நின்றாள்.

"அளவு எழுதிட்டீங்கல்ல?" என்றாள். "இப்பச் சொல்லுங்க, என்ன விலை ஆகும்?"